மணப்பாட்டுக் குகையும் மாலைச் செபமும்

விசுவாசம் வளர்வது கோயிலிலா, வீட்டிலா என்று கேட்டால், நம்மில் பலர் கோயிலைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வர். இக்கேள்விக்கு விடை தரும் கடற்கரை ஊர் ஒன்று தென்பாண்டி நாட்டில் உண்டு. அதுவே மணப்பாடு.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்வந்த இளவேனில் விடுமுறையில், சுருளிப்பட்டிக் குடும்பங்கள் சிலவற்றுடன் அவ்வூருக்கு ஒருநாள் பயணம் சென்றோம். நள்ளிரவில் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து புறப்பட்ட பேருந்து, காலையில் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம் வந்து நின்றது. சுருளி அருவியில் நீராடி வளர்ந்த நம் சிறுவர்கள், கரைகாணாக் கடலைக் கண்டு வாயடைத்து நின்றனர். மணற்குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலில் திருப்பலி நிறைவேற்றினோம். பின்னர், புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகைக்குச் சென்றோம்.

"சாமி, இவருக்குத் தமிழ் தெரியுமா?" என்று சிறுமி ஒருத்தி கேட்டாள்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தும், மறையைக் கற்பிப்பார் இல்லை. ஆகவே, இருமொழி அறிந்தோரின் துணையால் விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளை அழைத்தார். கற்றதைப் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லுமாறு பணித்தார். நோயாளிகள் அனைவரிடமும் தாமே செல்ல இயலாதபோது, அச்சிறுவர்களை அனுப்பிச் செபிக்கச் செய்தார். 1544-இல் அவர் எழுதிய மடலே இதற்குச் சான்று.

அவர் அக்கரையில் உழைத்தது சில ஆண்டுகளே. 1552-இல் சீன நாட்டின் வாயிலில் உயிர்நீத்தார். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆயினும் மக்கள் மறையைக் கைவிடவில்லை. குருவானவர் இல்லாத ஊரிலும் செபம் அறிந்த வீடுகள் இருந்தன.

நம் வீடுகளின் நிலை என்ன? வீடு சந்திக்கச் செல்லும்போது பிள்ளையிடம் ஒரு செபம் சொல்லச் சொன்னால், "ஞாயிறு மறைக்கல்வியில் சொல்லித் தருவார்கள், சாமி" என்று தாயார் விடையிறுக்கிறார். வாரத்தில் ஒரு மணி நேரம், வீட்டின் வேலையை எவ்வாறு செய்து முடிக்கும்?

தோட்ட வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், அறிவேன். ஆயினும் திராட்சைக்கொடி தானாகப் பந்தல் ஏறுவதில்லை என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். கொழுந்தாய் இருக்கும்போதே அதனைப் பிடித்துக் கட்டுகிறீர்கள். இன்றிரவு, உணவுக்கு முன்னர், பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஒரே ஒரு செபத்தைச் சேர்ந்து சொல்லுங்கள்.