சூடேறிய காரும் சூடான நாவும்



உங்களில் கார் வைத்திருப்போர் இதனை முழுவதும் படியுங்கள். கார் இல்லாதோர் பிற்பகுதியையாவது படியுங்கள்.

எங்கள் உம்மாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டதால், வாரம் இரு முறை காயல்பட்டினத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துச் செல்கிறேன். பேருந்தில் ஏறி இறங்க அவர்களால் இயலாது. எங்களிடம் இருப்பதோ பழைய மாருதி 800 கார். அது நின்றுவிட்டால் உம்மாவின் சிகிச்சையும் நின்றுவிடும் என்பதுதான் எங்கள் நிலை.

சென்ற கோடையில் அதன் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஞ்சினின் அடிப்பகுதிக்கும் தலைப்பகுதிக்கும் இடையே அமர்ந்து, எரியும் வாயுவையும் எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று கலவாமல் காக்கும் தகடு அது. எங்கள் ஊரில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞர்தான் எஞ்சினைப் பிரித்தார். சூட்டில் வளைந்திருந்த தலையைத் திருநெல்வேலி லேத் பட்டறையில் சமப்படுத்தி, புதுத் தகடு வைத்து, பத்து நாளில் காரைத் தந்தார். நானும் கேட்ட கூலியைக் கொடுத்தேன்.

மூன்றாம் பயணத்தின்போது, ஆழ்வார்திருநகரியைக் கடந்து கருங்குளத்தை நெருங்குகையில், வெப்பம் காட்டும் முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. பின் இருக்கையில் உம்மா கண்மூடிப் படுத்திருந்தார்கள். வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, முக்கால் மணி நேரம் காத்திருந்து, பிறகு ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். சிகிச்சை தாமதமாயிற்று. அன்று மாலை ஊர் திரும்பியதும் நேரே பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த ஐந்தாறு பேர் முன்னிலையில், "காசை வாங்கிக்கொண்டு இப்படியா வேலை செய்வது? என் உம்மாவின் உயிரோடு விளையாடுகிறாயா?" என்று அந்தத் தம்பியைக் கேட்டேன். அவர் தலைகுனிந்து, "வண்டியை விட்டுட்டுப் போங்க காக்கா, பார்க்கிறேன்" என்றார். நான் விடவில்லை. மறுநாள் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் அவருடைய வேலையைப் பற்றிக் குறை சொன்னேன்.

என் உறவில் மாமா ஒருவர் அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். செய்தி அவர் காதுக்கும் எட்டியது. சுபுஹு தொழுகைக்குப் பின் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மருமகனே, முள் எப்போது ஏறுகிறது? ஊருக்குள் நெரிசலில் நிற்கும்போதா, நெடுஞ்சாலையில் ஓடும்போதா?" என்பது. ஓடும்போதுதான் என்றேன். "அப்படியானால் விசிறி மீது பழியில்லை" என்றார். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். விசிறி பழுதானால் நிற்கும் இடத்தில்தான் சூடேறும். ஓட ஓட ஏறினால் தண்ணீரின் சுழற்சி போதவில்லை, அல்லது எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று ஐயுற வேண்டும்.

வாசகர்களே, ஒன்றை மறவாதீர்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடியில் 0.9 என்று அச்சிட்டிருந்தால், அந்த அளவு அழுத்தத்தை அது உள்ளே தாங்கி நிறுத்துகிறது என்று பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறத்தாழ 118 பாகை வரை பொறுக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்கி, தண்ணீர் ஆவியாய்ச் சீறி முகத்தில் அடிக்கும்.

இரவு முழுவதும் ஆறியிருந்த எஞ்சின் ஆதலால் மாமா அஞ்சாமல் மூடியைத் திறந்தார். வாய்வரை நீர் நிரம்பியிருந்தது. பழுதுபார்த்தபின் உள்ளே காற்று அடைபட்டிருந்தால், ஓரிரு ஓட்டத்தில் நீர்மட்டம் இறங்கியிருக்கும் என்றார். பிறகு மூடியில்லாமலே எஞ்சினை ஓடவிட்டு, நீரின் மேற்பரப்பை உற்று நோக்கினோம். கேஸ்கெட் மீண்டும் விட்டிருந்தால், ஓயாமல் குமிழிகள் பொங்கும். தொடக்கத்தில் இரண்டொரு குமிழிகள் தோன்றின, பின்பு அமைதி. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் போன்ற வெண்மை இல்லை. புகையிலும் வெண்மை இல்லை. "பையன் தலையைச் சரியாகத்தான் வைத்திருக்கிறான்" என்றார் மாமா. அந்தச் சொல்லை ஏற்க என் மனம் உடனே இடம் தரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூடியைப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டோம். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேற்குழாய் கை வைக்க முடியாதபடி சுட்டது. ஆகவே தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அது திறவாமலிருந்தால் எஞ்சின் கொதித்தாலும் மேற்குழாய் சூடேறாது. ஐயம் தீர, பின்னர் அதைக் கழற்றிப் பழைய சட்டியில் வெந்நீரில் போட்டும் பார்த்தோம். (நல்ல பால்சட்டியை எடுக்கப் போய் என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. கூலன்ட் என்பது நஞ்சு. அதன் இனிப்புக்குக் குழந்தைகளும் பூனைகளும் ஏமாறக்கூடும். ஆதலால் அவர் சொன்னதே நியாயம்.) நீர் கொதிநிலையை நெருங்குமுன்பே அதன் கதவு ஒழுங்காகத் திறந்தது.

ஆனால் ரேடியேட்டரின் கீழ்க்குழாயோ வெதுவெதுப்பாகவே இருந்தது. மாமா எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, விசிறியின் மின்இணைப்பையும் கழற்றிய பிறகு, ரேடியேட்டரின் முகத்தில் என் கையை வைத்துத் தடவச் சொன்னார். ஓரங்களில் சூடு, நடுவே ஒரு பகுதி சில்லென்று இருந்தது. உள்ளே அந்தப் பகுதியின் நுண்குழாய்கள் அடைத்துக்கொண்டு விட்டன.

"இதற்கு என்ன தண்ணீர் ஊற்றி வந்தாய்?" என்று மாமா கேட்டார்.

வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர்தான். எங்கள் கடற்கரை ஊரில் அது எவ்வளவு உவர்ப்பு என்பது தெரிந்ததே. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் பாறையாய்ப் படிவதைத் தினமும் காண்கிறோம். அதே படிவம் ரேடியேட்டருக்குள்ளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்தது. எஞ்சினைப் பிரித்தபோது இளகிய துருவும் வந்து அதனோடு சேர்ந்துகொண்டது. முதலில் கேஸ்கெட் போனதற்கும் இதுவே காரணமாயிருக்கலாம் என்றார் மாமா.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எஞ்சினைப் பிரித்த அன்றே அந்தத் தம்பி, "ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் பண்ணிருவோம் காக்கா, உள்ளே அடைப்பு இருக்கும்" என்று சொன்னார். செலவுக்கு அஞ்சி, "அதை அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றவன் நானே. அதனை அடியோடு மறந்துவிட்டு, ஊர் முன்னிலையில் அவரை ஏசியிருக்கிறேன். சூரத்துல் ஹுஜுராத்தை எத்தனையோ முறை ஓதியவன் நான். அதன் 12ஆம் வசனம் பேசும் தவறான ஐயத்தையும் புறம்பேசுதலையும் ஒரே வாரத்தில் செய்து முடித்திருந்தேன்.

தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று முதலில் எண்ணினேன். பலர் முன் ஏசிவிட்டுத் தனியே மன்னிப்புக் கேட்பது கணக்கில் சேராது என்று என் மனைவி சொன்னார். எனவே மாலையில் பட்டறையில் கூட்டமிருக்கும் வேளையாகப் பார்த்துச் சென்றேன். நடந்ததை எல்லோரும் கேட்கச் சொன்னேன். அந்தத் தம்பி ஒரு திருகாணியைத் துடைத்தபடியே இருந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு, "உம்மா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். பள்ளிவாசல் திண்ணையில் கேட்டவர்களில் நால்வரைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிட்டேன். ஒருவர் துபாய் சென்றுவிட்டார். அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வேறு யார் யார் இருந்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

ரேடியேட்டர் சுத்தம் செய்யும் நிலையைக் கடந்துவிட்டதால் புதிதாக மாற்றினோம். வேலையை அந்தத் தம்பியே செய்தார். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறும்வரை அருகிலேயே நின்றார். கிணற்று நீரை இனித் தொடுவதில்லை என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

இப்போது பயணங்களில் உம்மா விழித்தே வருகிறார்கள். கருங்குளம் அருகே அந்த வேப்பமரம் கண்ணில் பட்டதும், "முள் எங்கே நிற்குது வாப்பா?" என்று கேட்பார்கள்.

"பாதியிலேதான் நிற்குது உம்மா" என்பேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத் தஸ்பீஹைத் தொடர்வார்கள்.