சந்துக்குள்ள ஒரு கேமரா சந்தை!

டெல்லி டூர் போனா செங்கோட்டையோட திரும்பிடாதீங்க பாஸ்! எதிரே சாந்தினி சௌக்ல 'கூச்சா சௌத்ரி'ன்னு ஒரு சந்து. தோள் இடிக்காம நடக்க முடியாது. ரெண்டு பக்கமும் கேமராக் கடைங்க.

கம்மி பட்ஜெட்ல, லென்ஸ் மாத்துற குட்டி கேமரா வேணுமா? செகண்ட் ஹேண்ட் சோனி ஏ6000 இருக்கான்னு கேளுங்க. 2014 மாடல், 24 மெகாபிக்ஸல், 344 கிராம். 4கே வீடியோ கிடையாது. குறும்படப் பார்ட்டிகள் கேனான் எம்50 பக்கம் சாய்வாங்க. அதுல 4கே உண்டு. ஆனா அந்த லென்ஸ் வரிசையையே கேனான் நிறுத்திடுச்சு. கேனானோட புது ஆர் பாடியில அதெல்லாம் மாட்டாது. சோனி லென்ஸ், நாளைக்குப் பாடி மாத்தினாலும் கூடவே வரும். என் ஓட்டு அதுக்குத்தான்!

காசு கொடுக்கும் முன்னாடி லென்ஸுக்குள்ள டார்ச் அடிங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ், அடுத்த கடைக்கு நகருங்க. ஞாயிறு லீவு. இந்தியில பேரம் பேசுற ஃப்ரெண்டு கட்டாயம்!