இளையவனின் உயரமும் பாட்டியின் முழங்காலும்

எங்கள் குடும்பத்தின் முதல் அயல்நாட்டுப் பயணமாக, வரும் மே விடுமுறையில் சிங்கப்பூர் செல்லத் தீர்மானித்துள்ளோம். செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைக் காண்பது பிள்ளைகளின் நெடுநாளைய ஆசை.

இந்தியருக்கு விசா தேவை. கடவுச்சீட்டு, அங்குச் சென்றிறங்கும் நாளிலிருந்து ஆறு மாதங்களேனும் செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இவற்றிலெல்லாம் சிக்கலில்லை. வீட்டில் விவாதம் எழுந்தது உயரத்தைப் பற்றியே!

‘மம்மி’ சவாரிக்கு 122 செ.மீ. உயரம் வேண்டும், ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ சவாரிக்கு 102 போதும். எங்கள் இளையவனோ 117. “ஓராண்டு பொறுப்போமே, வளர்ந்துவிடுவான்” என்றாள் என் துணைவி. நியாயமான பேச்சுத்தான். ஆனால் அவன் வளரும் அதே ஓராண்டில், எழுபத்து மூன்று வயதான என் அன்னையின் முழங்கால்கள் என்னாகும்? விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர் அவர். “நான் எதற்கப்பா? அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்” என்று மறுத்தவர், கடவுச்சீட்டு அலுவலகத்திற்கு எந்தச் சேலை உடுத்துவதென மறுநாளே மருமகளிடம் கேட்டாராம்!

ஆகவே இவ்வாண்டே செல்கிறோம். பூங்காவிற்கு ஒரு நாள். மறுநாள் அன்னையுடன் கடற்கரை; தீவிற்குள் இரயிலுக்குக் கட்டணமில்லை. செந்தோசா என்னும் மலாய்ப் பெயர் நம் ‘சந்தோஷ’த்தின் உறவுச்சொல் எனக் கூறியதும் அன்னை மகிழ்ந்தார். அத்தீவின் பழைய பெயரில் ‘மரணம்’ என்ற சொல் இருந்ததை நான் கூறவில்லை. இளையவன் மட்டும் நாள்தோறும் கதவுநிலையில் முதுகைச் சாய்த்து நின்று, அளந்து பார்க்கச் சொல்கிறான்.