மூடுபனியில் ஒரு மணி

மார்கழியின் கடைசி நாட்கள். சாகர் தீவருகே நங்கூரம் பாய்ச்சிய சரக்குக் கப்பல் ஒன்று, ஹூக்ளி ஆற்றில் ஏற்ற நீருக்கும் வழிகாட்ட வரும் பைலட்டுக்கும் காத்திருக்கிறது. விடியவேண்டிய நேரத்தில் விடியவில்லை. பனி மூடிவிட்டது. கப்பலின் முன்முனையில் கம்பளிக் குல்லா அணிந்த மாலுமி மணிக் கயிற்றைப் பிடிக்கிறார். ஐந்து விநாடி விடாத கணகணப்பு. அது ஓய்ந்ததும் பின்கோடியில் சேகண்டி. அதுவும் ஐந்து விநாடி. ஒரு நிமிடத்துக்குள் மறுபடியும் மணி.

1972இல் வகுக்கப்பட்டு 1977இல் அமலுக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின் கட்டளை இது. ஓடும் இயந்திரக் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நீளமாகச் சங்கு ஊதினால் போதும். நிற்கும் கப்பலோ நிமிடத்துக்கு ஒரு முறையாவது குரல் கொடுக்க வேண்டும். சட்டென்று விலகிப்போக அதனால் முடியாதே! 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளமென்றால் முன்னே மணி, பின்னே சேகண்டி. கண்ணுக்குத் தெரியாத கப்பல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காது அளந்துகொள்ளும். யாராவது நெருங்கினால் குறில், நெடில், குறில் என்று சங்கும் ஊதலாம். தரை தட்டிவிட்டால் மணியோசைக்கு முன்னும் பின்னும் மும்மூன்று தனி அடிகள்.

ரேடார் காலத்தில் மணி எதற்கு? எதிரே வரும் படகிலும் ரேடார் இருக்க வேண்டுமே. 12 மீட்டருக்குக் குறைந்த படகில் மணிகூடக் கட்டாயமில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நன்றாகக் கேட்கும்படி ஏதாவது சத்தம் எழுப்பினால் போதும். பெரிய கப்பலின் மணி ஒலிப்பது அந்தச் சின்னப் படகுக்காகவும்தான்.

பனியின் விலை இந்த ஆற்றுக்குத் தெரியும். நமக்குப் பொங்கல் வரும் வேளையில் சாகரில் மகர சங்கராந்தி நீராடல். 2023 ஜனவரியில் அங்கிருந்து திரும்பிய நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் பனியில் சிக்கிய படகுகளில் தவித்தார்கள். கடலோரக் காவல் படை மீட்டது.

மணியடிக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க விதி அனுமதிக்கிறது. ஆனால், கையால் அடிக்கும் வசதி எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது. காவல் என்பது கண்ணால் மட்டுமல்ல, காதாலும்தான் என்றும் சொல்கிறது.

மாலுமி மணியை நிறுத்தியதும், பனிக்குள் எங்கோ தகர டப்பா தட்டும் ஓசை. அவர் மூச்சைப் பிடித்துக் கேட்கிறார். ஓசை இடப்பக்கம் வருகிறது. பிறகு மெல்லத் தேய்ந்து விலகுகிறது. அவர் மீண்டும் கயிற்றைப் பிடிக்கிறார்.