ஒரு பாய் விரிக்கும் இடம்

கல்லூரி விடுமுறையில் ஓடைப்பட்டியிலுள்ள எம் இல்லத்தே தங்கியிருந்தபோது, அடுத்தடுத்து இரண்டு இரவுகளில் இரண்டு ஆவணப்படங்களைக் கண்டோம். பொழுதுபோக்காகத் தொடங்கிய அது, எம் நெஞ்சே எம்மைச் சுடுமாறு செய்துவிட்டது.

முதலிரவு கண்டது நிக்கலஸ் வின்டன் என்னும் ஆங்கிலேயரைப் பற்றியது. இலண்டனில் பங்குத் தரகராயிருந்த இவர், 1938-ஆம் ஆண்டு டிசம்பரில், பனிச்சறுக்கு விளையாடச் செல்வதை விடுத்துப் பிராக் நகர் சென்றார். அப்போது அவர்க்கு வயது 29. ஹிட்லருக்கு அஞ்சிய யூதப் பெற்றோர், தாம் தப்பாவிடினும் தம் மக்களேனும் பிழைக்கவேண்டுமென ஏங்கிநின்றனர். பிரிட்டிஷ் அரசாங்கமோ பிள்ளை ஒன்றுக்கு 50 பவுன் ஈடும், வளர்க்க ஒரு குடும்பமும் வேண்டுமென்றது. வின்டனும் தோழர்களும் இவற்றைத் தேடித் திரட்டி, 669 குழந்தைகளை இங்கிலாந்து சேர்த்தனர். 1939 செப்டம்பர் 1-ஆம் நாள் புறப்படவிருந்த வண்டிக்கு 250 குழந்தைகள் குறிக்கப்பட்டிருந்தனர். அன்றே போர் மூண்டது; வண்டி புறப்படவில்லை.

மறுநாள் கண்டது நம் நாட்டுச் செய்தி. ‘எ லிட்டில் போலந்து இன் இந்தியா’ என்னும் அப்படம் 2013-இல் வெளிவந்தது. சோவியத் நாட்டிற்குக் கடத்தப்பட்டுப் பசியாலும் பிணியாலும் பெற்றோரை இழந்த போலந்துச் சிறார் பலர், 1942-இல் இந்தியா வந்தனர். நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜயசிங்ஜி, ஜாம்நகரையடுத்த பாலாசடி என்னும் கடற்கரையூரில் அவர்க்குத் தங்குமிடம் அமைத்து, அவர்கள் இனி அநாதைகளல்லர், தாமே தந்தை என்று தேற்றினாராம். கீரை பிடிக்கவில்லையெனச் சிறுவர் முறையிட, அதனைச் சமைத்தலை நிறுத்துமாறு கட்டளையிட்டாராம். அவர் பெயர் கொண்ட சதுக்கம் ஒன்று இன்றும் வார்சா நகரில் உளது.

ஒருவர் மன்னர், மற்றவர் மாநகரத் தரகர். ஓடைப்பட்டி மாணவராகிய எமக்கு இவற்றால் ஆவதென்ன என்று எண்ணியபோதே, மறந்திருந்த ஒன்று முன்வந்து நின்றது.

முந்திய ஆண்டு, திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்கு வந்திருந்த வெளியூர்ப் பெண்ணொருத்தி, காய்ச்சலுற்ற கணவனைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டி, மாலையில் எம் வாயிலில் நின்றாள். ஆறு வயது மகளை ஓரிரவு மட்டும் வைத்துக்கொள்ள இயலுமா என வேண்டினாள். வீட்டிலிருந்தவர் யாம் ஒருவரே. “தேர்வு நெருங்கிவிட்டதம்மா, படிக்கவேண்டும், வேறெங்கேனும் கேட்டுப்பாருங்கள்” என்றோம். “சரி தம்பி” என்று திரும்பினாள். அச்சிறுமி தன் பாயைத் தானே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். எம்மிடம் அவள் வேண்டியது அப்பாய் விரிக்கும் இடமேயன்றோ!

அன்றிரவு யாம் படித்த பாடம் திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரம். சிறுபிள்ளையை ஏற்பதைப் பற்றி ஆண்டவர் அருளியதை ஞாயிறு பள்ளியில் பிழையின்றி ஒப்பித்துப் பரிசு பெற்றவரும் யாமே. அவள் எங்கு உறங்கினாள் என்பதை மறுநாள் கேட்டோமில்லை.

வின்டனுக்கும் அன்று வேலையிருந்தது. மன்னர்க்கும் போர்க்காலக் கவலைகள் பலவிருந்தன. காரணங்கள் எவர்க்கும் குறைவில்லை. படம் முடிந்த மறுநாள் தோட்டத்திற்குச் சென்று வினவினோம். அக்குடும்பத்தார் வேறூர் சென்றுவிட்டனர் என்றார்கள். அடுத்த கவாத்திற்கு எவர் வரினும், வாயிலில் வந்து நின்று கேட்குமளவும் காத்திராமல், யாமே சென்று அழைக்கத் துணிந்துள்ளோம். அன்னைக்கும் சொல்லிவிட்டோம். அவர், மறுமொழி கூறாது, பரண்மேலிருந்த பாயை எடுத்து வெயிலில் உலர்த்தினார்.