செத்தது ஒன்று, கொன்றது வேறொன்று!

அமெரிக்கப் பண்ணைகளில் 20, 25 வயதான டீசல் பிக்கப்புகள் இன்றும் வைக்கோல் கட்டுகளையும் குதிரை டிரெய்லர்களையும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. டாட்ஜ் ராம் 2500, 3500, ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 போன்ற கனரக ரகங்கள் இவை. வண்டி நின்றுபோனால் அன்றைய வேலையும் நின்றுபோகும். புதிது வாங்க எல்லோரிடமும் பணம் இருக்காது. அதனால் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார்கள்.

இந்தப் பழுதுகளில் ஒரு வேடிக்கை உண்டு. கெட்டுப்போன பாகத்தை மாற்றுவார்கள், கொஞ்ச நாளில் அதே பாகம் மறுபடியும் கெடும். மெக்கானிக் சரியில்லை, பாகம் போலி என்று திட்டுவார்கள். உண்மையில் குற்றவாளி வேறு எங்கோ உட்கார்ந்திருப்பான்! மூன்று உதாரணங்கள் இதோ.

1. பட்டினியால் சாகும் டீசல் பம்ப்

1998-ன் பிற்பகுதி முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம்களில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், ஆறு சிலிண்டருக்கு 24 வால்வு. இதில் போஷ் நிறுவனத்தின் விபி44 என்ற பம்ப் டீசலை இன்ஜெக்டர்களுக்கு அனுப்புகிறது. இதற்கு முந்தைய மாடலில் இருந்த பி7100 பம்ப்புக்கு எஞ்சின் ஆயில் போகும். விபி44-க்கு அது கிடையாது. உராய்வைக் குறைப்பதும் சூட்டைத் தணிப்பதும் அதன் வழியே ஓடுகிற டீசல்தான்.

அந்த டீசலைக் கொண்டுவந்து தருவது லிஃப்ட் பம்ப் என்ற சின்ன மின்சார பம்ப். அதை டேங்க் பக்கத்தில் வைக்காமல் எஞ்சின் மேலேயே மாட்டிவிட்டார்கள். தூரத்திலிருந்து உறிஞ்சி உறிஞ்சியே அது களைத்துப்போகிறது. ஆனால் வண்டி நிற்காது! ஏனென்றால் விபி44 தானே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பம்ப் காய்ந்து, சூடேறி, தேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் பி0216 என்ற கோளாறு எண் வரும். அதன்பின் பம்ப் பிழைப்பது அபூர்வம்.

புது விபி44 விலை அதிகம். அதை மட்டும் மாற்றிவிட்டு பழைய லிஃப்ட் பம்ப்பை அப்படியே விட்டால் புதியதும் அதே வழியில்தான் போகும். தீர்வு எளிது. டீசல் அழுத்தம் காட்டும் ஒரு மீட்டர் மாட்ட வேண்டும். பாரம் இழுக்கும்போதும் முள் 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அனுபவசாலிகளின் கணக்கு.

2. அடைத்துக்கொண்ட ஆயில் கூலர்

ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் கனரக பிக்கப்புகளில் 2003 முதல் 2007 வரை வந்தது. செய்து கொடுத்தது நேவிஸ்டார். உத்தரவாதச் செலவை யார் ஏற்பது என்று இரண்டு நிறுவனங்களும் 2007-ல் நீதிமன்றம் வரை போயின. 2009-ல்தான் சமரசம் ஆனது. அவ்வளவு பழுது!

"ஹெட் கேஸ்கட் போய்விட்டது" என்பதுதான் இந்த எஞ்சினைப் பற்றிய பிரபலமான புகார். கதை அங்கே தொடங்கவில்லை. கூலன்ட் முதலில் ஆயில் கூலருக்குள் போகிறது. அதன் நுண்ணிய வழிகளில் வார்ப்பு மணலும் கெட்டுப்போன கூலன்ட்டின் கசடும் அடைத்துக்கொள்கின்றன. அடுத்து இருப்பது ஈஜிஆர் கூலர், புகையைக் குளிர்விப்பது. அதற்குக் கூலன்ட் போதாமல் சூடேறி வெடிப்பு விடுகிறது. கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து ஆவியாகி அழுத்தத்தை ஏற்றுகிறது. ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கே போல்ட்டுகள். அவை தாங்காமல் நீண்டுகொடுக்க, ஹெட் லேசாகத் தூக்கிக்கொள்கிறது. கடைசியில் கேஸ்கட் போகிறது.

பலர் கேஸ்கட்டை மாற்றி, போல்ட்டுக்குப் பதில் வலுவான ஸ்டட் போட்டு, பல ஆயிரம் டாலர் செலவழிக்கிறார்கள். ஆயில் கூலரைத் தொடுவதில்லை! இதைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். நன்றாகச் சூடான பிறகு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஆயில் சூட்டையும் கூலன்ட் சூட்டையும் ஸ்கேனரில் பார்க்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கூலர் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

3. மரண ஆட்டம்

பழைய ராம்களில் முன்பக்கம் முழு ஆக்சில். வேகமாகப் போகையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் கையை உதறும்படி முன்சக்கரங்கள் ஆடத் தொடங்கும். பெயரே 'டெத் வாபிள்'. பயந்துபோய் ஸ்டியரிங் டாம்பரை மாற்றுவார்கள். ஆட்டம் நின்றுவிடும். சில மாதம் கழித்து மறுபடியும் வரும்.

டாம்பர் ஆட்டத்தை அமுக்குகிறதே தவிர நிறுத்துவதில்லை. ஆக்சிலை சேஸிஸோடு பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பார், டை ராட் முனைகள், பால் ஜாயின்ட்டுகள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாகத் திருப்ப, இன்னொருவர் கீழே பார்த்தால் எந்த மூட்டு ஆடுகிறது என்று தெரிந்துவிடும். காசு செலவே இல்லாத சோதனை! ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் போவது பணம் மட்டுமல்ல. பின்னால் டிரெய்லர், எதிரே வேறொரு குடும்பம்...

எல்லாப் பழுதும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதில்லை என்பதும் உண்மை. 1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸில் டைமிங் கியர் பெட்டியை நேராக உட்கார வைக்க ஒரு சின்ன இரும்பு முளை இருக்கிறது. விரல் நுனியளவுதான். எஞ்சின் அதிர்வில் அது மெல்ல வெளியே நகரும். அதிர்ஷ்டம் இருந்தால் ஆயில் தொட்டியில் விழும். இல்லையென்றால் ஓடும் கியர்களுக்கு நடுவே சிக்கிப் பெட்டியையே உடைத்துவிடும். 'கில்லர் டவல் பின்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு சிறு தகட்டை வைத்து முளையை மறைத்துவிட்டால் போதும், ஆயுளுக்கும் கவலையில்லை. தகட்டின் விலை அற்பம், அதை வைக்க முன்பக்கத்தைக் கழற்றும் வேலைதான் பெரிது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் "என்னென்ன மாற்றினீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த கேள்விதான் முக்கியம்: "அது ஏன் கெட்டுப்போனது?" இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கினால், 25 வயது வண்டியும் இன்னும் பல வருடம் வைக்கோல் இழுக்கும்.