காற்றைக் குறைப்பதா, கூட்டுவதா?

கனமான பொருளை எதன் மீது நிறுத்தலாம் என்று கேட்டால் கல், இரும்பு, மரம் என்று சொல்வோம். காற்று என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் நாம் உண்ணும் அரிசியும் பருப்பும், வீடு கட்டும் சிமெண்டும் இரவு பகலாகக் காற்றின் மீதுதான் பயணம் செய்கின்றன. பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்றடைத்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். 1895-இல் பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் அதனை மோட்டார் காரில் பூட்டி, பாரிசிலிருந்து போர்தோ வரை சென்று திரும்பும் பந்தயத்தில் ஓட்டிக் காட்டினர். அன்று முதல் உலகத்தின் பாரத்தைக் காற்று சுமந்து வருகிறது.

கலைக் கல்லூரியில் வரலாறு படித்து, மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு டயரோடு என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். லாஸ்பேட்டையில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் அண்ணன் லாரி ஓட்டுநர். சென்ற குளிர்காலத்தில் முதன்முறையாகக் காஷ்மீருக்குச் சரக்கு ஏற்றிச் செல்லப் புறப்பட்டார். "பனியில் போகும்போது டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்துவிடு" என்று நண்பர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். "வேண்டாம், கூட்டி வை" என்று வேறு சிலர் சொன்னார்களாம். அவருடைய தாயார் என்னிடம், "ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள். எது சரி என்றும் யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். துஆச் செய்வதோடு என் கடமை முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. விசாரிக்கத் தொடங்கினேன்.

எங்கள் தெருவில் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். லடாக் மலைப்பாதைகளில் பல குளிர்காலங்களைக் கண்டவர். அவர் முதலில் சொன்னது இது: "பாய், பனி வேறு, ஐஸ் வேறு. நம்ம ஊர்க்காரனுக்கு எல்லாமே பனிதான். அங்கேதான் தப்பு ஆரம்பிக்குது." உண்மைதான். மார்கழிக் காலையில் புல்லை நனைப்பதையும் பனி என்கிறோம். இமயத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதையும் பனி என்கிறோம். சாலையின் மீது கண்ணாடிபோல் உறைந்து கிடப்பதற்கும் அதே சொல்தான். டயருக்கோ இவை மூன்றும் மூன்று வேறு தரைகள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 25 டன் எடையுள்ள பத்துச் சக்கர லாரியின் டயர்களில் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு அழுத்தம் இருக்கிறது என்று கொள்வோம். அந்த லாரி முழுவதும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 500 சதுர அங்குலம். நாம் விரித்துத் தொழும் முஸல்லாவின் பாதிப் பரப்புகூட இல்லை! பத்து டயரும் சேர்ந்து இவ்வளவு சிறிய இடத்தில்தான் அத்தனை பாரத்தையும் ஊன்றுகின்றன. காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி இந்தப் பரப்பு நீள்கிறது. மென்மையான தரையில் புதைவது குறைகிறது. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பாலைவன மணலில் இறங்குமுன் ஜீப் டயரின் 35 பவுண்டுக் காற்றை 15, 18 என்று இறக்குவது இதனால்தான். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின் மீது ஓடும் அகன்ற டயர் ஜீப்புகள் 3 பவுண்டு அளவுக்குக்கூட இறக்குகின்றன. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கர்கள் உருவாக்கிய, நீரிலும் நிலத்திலும் ஓடும் 'டக்' என்னும் லாரியில், ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தபடியே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தது.

அப்படியானால் குறைப்பதுதானே சரி? இங்கேதான் நிதானம் வேண்டும். மேலே சொன்ன ஜீப்புகள் பாரம் குறைந்தவை, மெல்ல ஊர்பவை. முழுப் பாரம் ஏற்றிய லாரியின் டயரில் காற்றைக் குறைத்துத் தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால், டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடிந்து நிமிர்ந்து சூடேறும். நூல் பிரிந்து வெடிக்கும். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடவும் கூடும். ஆகவே சாலையை விட்டு இறங்கி, ஆழமான மென்பனியில் சிக்கிக்கொண்டபோது மட்டும், டயர் நிறுவனத்தின் அட்டவணை அந்தப் பாரத்துக்கு அனுமதிக்கும் அளவுக்குள் குறைத்து, ஆமை வேகத்தில் வெளியேறி, கெட்டியான சாலை வந்ததும் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். தார்ச்சாலையின் மீது மெல்லியதாகப் பனி கிடந்தால் குறைக்கவே கூடாது. அங்கே டயர் பனியைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள தாரைப் பிடிக்க வேண்டும்.

கண்ணாடி ஐஸில் காற்றைக் குறைத்துப் பெரிய பயன் இல்லை. உறைநிலைக்கு அருகில் இருக்கும் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதுதான் மிக மோசமாக வழுக்கும். அங்கே காப்பாற்றுவது, இழுக்கும் சக்கரங்களில் கட்டும் இரும்புச் சங்கிலியும் குறைந்த வேகமும்தான். "சங்கிலியைச் சிக்கிக்கொண்ட பிறகு கட்டக் கூடாது, சிக்குமுன் கட்டணும்" என்றார் பெரியவர். நம் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பல குடியேறியிருக்கும் பிரான்சில், மலைப்பகுதிகள் பலவற்றில் நவம்பர் முதல் மார்ச் இறுதி வரை குளிர்கால டயரோ சங்கிலியோ இல்லாமல் வண்டி போகக் கூடாது என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது.

பலரும் எண்ணிப் பார்க்காத செய்தி ஒன்று உண்டு. நாம் குறைக்காவிட்டாலும் குளிர் குறைத்துவிடும்! இங்கே 30 டிகிரி வெப்பத்தில் 110 பவுண்டு அடித்த டயர், ஸ்ரீநகரில் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியில் நிற்கும்போது, குளிரால் மட்டும் சுமார் 14 பவுண்டை இழக்கிறது. மலை உயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் அளவுமானியில் இரண்டு மூன்று பவுண்டு கூடித் தெரியும். ஆக, மிஞ்சுவது 98 அளவுதான். பஞ்சர் எதுவும் இல்லை. ஆனால் காற்று குறைந்திருக்கிறது. இதை அறியாதவர், நண்பர் சொன்னாரென்று மேலும் பாதியைத் திறந்துவிட்டால் நிலைமை என்னவாகும்? எனவே அங்கே சென்றபின், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், காலையில் அளந்து, குறைந்ததை நிரப்ப வேண்டும். திரும்பி வெப்பமான நாட்டுக்கு இறங்கும்போது மறுபடியும் அளந்து சரிசெய்ய வேண்டும். வால்வு மூடி இல்லாவிட்டால் ஈரம் புகுந்து உறைந்து காற்று கசியும். ஏர் பிரேக் தொட்டியில் தேங்கும் நீரையும் நாள்தோறும் வடிக்க வேண்டும். அது உறைந்தால் பிரேக்கே பிடிக்காமல் போகலாம்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அந்தச் சகோதரரிடம் கொடுத்தேன். நாமக்கல் வழியாகச் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரை நீள்கிறது. ஒரே சாலை, ஒரு முனையில் கன்னியாகுமரியின் வெயில், மறுமுனையில் காஷ்மீரின் பனி. காசிகுண்டு அருகே பனியால் சாலை மூடப்பட்டபோது அவர் இரண்டு நாள் காத்திருந்தார். சிலர் ஓரத்துப் பனியில் இறக்கி முந்த முயன்று சிக்கிக்கொண்டார்களாம். அவர் காத்திருந்து, சரக்கை இறக்கி, ஆப்பிள் ஏற்றிக்கொண்டு நலமாக ஊர் திரும்பினார். அல்ஹம்துலில்லாஹ்!

"குறை" என்றவரும் "கூட்டு" என்றவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தரையில், எந்தப் பாரத்தில், எவ்வளவு நேரம் என்ற நிபந்தனைகளை விட்டுவிட்டார்கள். மதரஸாவில் எந்தச் சட்டத்தைக் கற்பித்தாலும் அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே கற்பிக்கிறோம். நிபந்தனையை உதிர்த்துவிட்ட அறிவுரை, சில வேளைகளில் அறியாமையை விட ஆபத்தானது.

லாரி ஓட்டும் தந்தையரும் தனையரும் உள்ள இல்லங்கள் நம்மிடையே பல. அவர்கள் வடக்கே புறப்படும்போது கட்டுச்சோற்றோடும் கம்பளியோடும் காற்றளக்கும் மானியும் சங்கிலியும் இருக்கின்றனவா என்று இல்லத்தரசியர் கேளுங்கள். லாரி உரிமையாளர்களாக இருப்பவர்கள், "சாலை திறக்கும்வரை இருந்து வா, தாமதமானால் பரவாயில்லை" என்ற ஒரு சொல்லைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பனியில் இறங்கி முந்தத் தூண்டுவது பெரும்பாலும் ஓட்டுநரின் துணிச்சல் அன்று. கேட்டுக்கொண்டே இருக்கும் தொலைபேசிதான்.